தேதி போடாத காட்சி: நியே நியே ஆவணப்படங்கள் – ஒரு நிகழ்வு ஆய்வு

அன்றாட வாழ்வையும் மரபையும் பதிவுசெய்யும் ஆவணப்படங்களைப் பற்றிப் பேச்செடுத்தாலே முதலில் வந்து நிற்கும் கேள்வி, "இது உள்ளபடியே நடந்ததா, நடிக்கவைத்து எடுத்ததா?" என்பதுதான். கனடாவின் வடகோடியில் வாழும் இன்யூட் மக்களைப் பற்றி 1922-இல் வெளியான 'நானுக் ஆஃப் தி நார்த்' தொடங்கி இதே கேள்வி. பனிவீட்டுக்குள் வெளிச்சம் போதவில்லை என்று அதன் இயக்குநர் ராபர்ட் ஃப்ளாஹர்ட்டி ஒரு பக்கம் திறந்த வீட்டைக் கட்டவைத்தார். துப்பாக்கி பழகிவிட்ட இன்யூட் மக்களை எறியீட்டியோடு வால்ரஸ் வேட்டைக்குப் போகச் சொன்னார். நானுக் என்று நாம் அறிந்தவரின் சொந்தப் பெயர் அல்லகரியல்லக். திரைப்படம் படிக்கும் மாணவர்கள் இதையெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள்.

கேள்வி நியாயமானது. ஆனால் அதற்கு முன்பே கேட்கவேண்டிய இன்னொன்று இருக்கிறது, அதை நாம் பெரும்பாலும் கேட்பதேயில்லை: இந்தக் காட்சி எந்த ஆண்டைச் சேர்ந்தது? "இவர்கள் இப்படி வாழ்கிறார்கள்" என்று பேசும் படம் தன் காட்சிகளுக்குத் தேதி போடுவதில்லை. தேதி இல்லாததால் பத்து ஆண்டு கழித்தும், நாற்பது ஆண்டு கழித்தும் அது அதையே சொல்லிக்கொண்டிருக்கும். பார்க்கிறவர் வெறும் பார்வையாளர் என்றால் நஷ்டம் பெரிதில்லை. பார்க்கிறவர் ஒரு மக்கள்கூட்டத்தின் நிலத்தைப் பற்றி முடிவெடுக்கும் இடத்தில் இருந்தால்?

அப்படி நடந்ததற்கு மிக விரிவான சான்று, இன்றைய நமீபியாவின் வடகிழக்கில் உள்ள நியே நியே பகுதியில் அமெரிக்கரான ஜான் மார்ஷல் 1950-களில் தொடங்கி 2000 வரை எடுத்த படங்கள். ஒரே ஆள், ஒரே மக்கள், ஒரே நிலம், ஐம்பது ஆண்டு. தன் முதல் படம் செய்த வேலையை எதிர்த்து அவரே பிறகு படம் எடுத்தார். அந்த மக்கள் ஜுஹோவான்சி. வெளியார் அவர்களை 'புஷ்மென்' என்றும் 'சான்' என்றும் 'குங்' என்றும் அழைப்பார்கள். அவர்கள் மொழியின் சொடுக்கொலிகளைத் தமிழில் எழுத வழியில்லை. பெயர்களை ஒலி நெருங்கும் அளவுக்கு எழுதியிருக்கிறேன்.

மார்ஷல் குடும்பம்

லாரன்ஸ் மார்ஷல் அமெரிக்காவில் ரேதியான் என்ற மின்னணு நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். 1950-இல் ஓய்வுபெற்றதும் மனைவி லோர்னா, மகள் எலிசபெத், மகன் ஜான் ஆகியோரோடு கலஹாரிப் பாலைவனத்துக்குப் பயணங்களைத் தொடங்கினார். ஹார்வர்டின் பீபாடி அருங்காட்சியகமும் ஸ்மித்சோனியனும் துணைநின்றன. தொழில்முறை மானுடவியலாளர் யாரும் அந்தக் குடும்பத்தில் இல்லை. ஆனாலும் லோர்னா எழுதிவைத்த குறிப்புகள் பின்னர் 'தி குங் ஆஃப் நியே நியே' (1976) என்ற ஆதார நூலாயின. எலிசபெத்தின் 'தி ஹார்ம்லெஸ் பீப்பிள்' 1959-இல் வந்தது.

ஜானுக்கு அப்போது பதினெட்டு, பத்தொன்பது வயது. அப்பா 16 மி.மீ. கேமராவைக் கையில் கொடுத்து, கலைப்படம் எதுவும் வேண்டாம், நடப்பதைப் பதிவுசெய் என்றார். 1951-இல் கௌச்சா என்ற நீர்நிலையருகே டோமா என்பவரின் குழுவைச் சந்தித்தார்கள். அங்கே தொடங்கிய உறவு 1988-இல் டோமா இறக்கும்வரை தொடர்ந்தது.

1952-53 பயணம்தான் நீண்டது. உலகம் முழுக்கப் பாடமாகப் பார்க்கப்பட்ட 'தி ஹன்டர்ஸ்' படத்தின் காட்சிகள் அப்போது எடுத்தவை. படம் 1957-இல் வெளியானது.

படம் என்ன சொல்கிறது

நான்கு ஆண்கள் வேட்டைக்குக் கிளம்புகிறார்கள். ஒட்டகச்சிவிங்கி ஒன்றின் மீது நச்சு அம்பு தைக்கிறது. அது கூட்டத்தோடு ஓடிவிடுகிறது. நாள்கணக்கில் தடம் பார்த்துப் பின்தொடர்கிறார்கள். கடைசியில் ஈட்டியெறிந்து சாய்க்கிறார்கள். இறைச்சி ஊர் வந்து சேர்கிறது, பங்கு பிரிகிறது, வேட்டைக் கதை சொல்லப்படுகிறது. ஒன்றேகால் மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவான படம். பின்னணியில் பேசுவது மார்ஷலின் குரல். வேட்டைக்காரர்கள் என்ன நினைத்தார்கள் என்பதையும் அந்தக் குரலே சொல்லிவிடுகிறது. அவர்கள் பேசி நாம் கேட்பதில்லை.

படத்தின் பலத்தைக் குறைத்துச் சொல்வது அநியாயம். மணலில் கிடக்கும் குளம்புத் தடத்தின் மேல் குனிந்து அதன் வயதைக் கணக்கிடும் முகங்களை மார்ஷல் அவசரப்படாமல் பார்க்கிறார். அந்த அம்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் இந்த வேட்டையின் நேரக்கணக்கு முழுதும் அதில்தான் இருக்கிறது. நஞ்சு ஒருவகை வண்டின் புழுவிலிருந்து வருவது. செடியின் வேரருகே மண்ணைத் தோண்டி எடுத்துவரும் புழுவை நசுக்கி, அம்பின் கூர்முனையில் தடவாமல் அதற்குப் பின்னால் உள்ள தண்டில் தடவுவார்கள். கைதவறிக் கீறினாலும் ஆளுக்கு ஆபத்து வராது. அம்பு தைத்ததும் முன்துண்டு மட்டும் உடலில் தங்கும், பின்தண்டு கழன்று விழும். விலங்கு மரத்தில் உரசினாலும் நஞ்சு வெளியே வராது. நஞ்சு வேகமாக வேலை செய்வதல்ல. ஒட்டகச்சிவிங்கி அளவுக்குப் பெரிய உடலென்றால் நாள்கணக்கு. ஆகவே எய்வது வேட்டையின் தொடக்கம் மட்டுமே. மீதியெல்லாம் நடை, தடம், பொறுமை.

இன்னொரு வழக்கமும் உண்டு. இறைச்சியைப் பங்கிடும் உரிமை எய்தவருக்கு அல்ல, முதலில் தைத்த அம்புக்கு உரியவருக்கு. அம்புகளை இரவல் வாங்குவார்கள், பரிசாகக் கொடுப்பார்கள். வேட்டைக்கே போகாத முதியவரோ பெண்ணோ அம்புக்கு உரிமையாளராக இருந்து இறைச்சியைப் பிரித்துக் கொடுக்கலாம். திறமைசாலி ஒருவன் தலைக்கனம் பிடித்துத் திரிய இடம்கொடாத ஏற்பாடு இது. இந்த ஒரு வழக்கத்தைப் பின்தொடர்ந்திருந்தால் 'தி ஹன்டர்ஸ்' இன்னொரு படமாகியிருக்கும். ஆண்களின் வீரக்கதைக்குள் ஊரின் உறவுகள் எல்லாம் வந்திருக்கும். அப்படி ஆகவில்லை.

ஃப்ரேமுக்கு வெளியே

ஒரே தொடர்வேட்டையாகத் திரையில் தெரிவது, வெவ்வேறு சமயங்களில் எடுத்த துண்டுகளை ஒட்டிய தொகுப்பு. இதை மார்ஷலே பிறகு எழுதிவிட்டார். என்னைக் கேட்டால் இது சின்ன விஷயம். அந்தக் காலக் கருவிகளோடு, நாள்கணக்கில் ஓடும் வேட்டையை ஒரே மூச்சில் எடுத்திருக்க முடியாது.

பெரிய விஷயம் வேறு. ஜுஹோவான்சி உணவில் பெரும்பகுதி பெண்கள் திரட்டிவந்த கிழங்கு, கொட்டை, பழம் ஆகியவற்றால் ஆனது. இறைச்சி எல்லாரும் ஆசைப்படும் உணவு, அன்றாட உணவல்ல. 'தி ஹன்டர்ஸ்' பார்த்து முடிக்கிறவருக்கு இந்த மக்கள் வேட்டையை நம்பி, பசியின் விளிம்பில் வாழ்பவர்கள் என்ற எண்ணம்தான் மிஞ்சும். அது ஒரு இளம் அமெரிக்கனின் கற்பனாவாதப் படம், ஜுஹோவான்சியைவிட என்னைப் பற்றித்தான் அதிகம் சொல்கிறது என்ற பொருளில் மார்ஷல் பின்னாளில் தன் படத்தை மதிப்பிட்டார்.

அதைவிடக் கனமான ஒன்றும் வெளியே நின்றது. மார்ஷல் குடும்பத்தின் வண்டிகள் புதர்க்காட்டில் டயர்த் தடம் போட்டுக்கொண்டே போயின. அந்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டு வெள்ளைப் பண்ணையார்கள் நியே நியேவுக்குள் வந்து, வேலைக்கென ஆட்களை வலுக்கட்டாயமாக ஏற்றிக்கொண்டு போனார்கள். அப்படிப் போனவர்களைத் திரும்பக் கூட்டிவரக் குடும்பம் முயன்றதை மார்ஷலின் பிற்காலப் படம் சொல்கிறது. 'தி ஹன்டர்ஸ்' எடுக்கப்பட்ட அதே ஆண்டுகளின் அன்றாடம் இதுவும்தான். தடம் பார்த்து நடப்பதை ஒரு பெருங்கலையாகக் காட்டிய படத்தில் அந்த டயர்த் தடம் ஒரு இடத்திலும் இல்லை.

இதை மார்ஷலின் நேர்மைக்குறைவு என்று நான் நினைக்கவில்லை. அன்று மரபைப் படமெடுப்பதென்றால் இப்படித்தான் என்று எல்லாரும் நம்பினார்கள். வண்டி, டின், துணிச்சட்டை ஏதாவது கண்ணில் பட்டால் ஷாட் கெட்டுப்போய்விட்டது என்றுதான் கேமராக்காரர் நகர்வார். மரபு தூய்மையாகத் தெரியவேண்டும் என்ற ஆசை, காலத்தைத் துடைத்துவிடுகிறது.

இருபது ஆண்டு

1958-க்குப் பிறகு அந்தப் பகுதிக்குள் நுழைய மார்ஷலுக்கு அனுமதி மறுக்கப்பட்டது. தென்மேற்கு ஆப்பிரிக்கா என்று அழைக்கப்பட்ட நமீபியா அப்போது நிறவெறித் தென்னாப்பிரிக்காவின் ஆட்சியில் இருந்தது. 1978 வரை அவரால் திரும்ப முடியவில்லை.

இந்த இருபது ஆண்டுகளில் படம் வகுப்பறைகளில் ஓடிக்கொண்டே இருந்தது. நியே நியேயில் நடந்தது வேறு. 1959-60 வாக்கில் சும்குவே என்ற இடத்தில் அரசு ஒரு நிர்வாக நிலையம் அமைத்தது. வேலை, மருத்துவம், பள்ளி என்று சொல்லி ஜுஹோவான்சியை அங்கே குடியேறச் சொன்னார்கள். பலர் போனார்கள். ஒரே இடத்தில் நூற்றுக்கணக்கானோர் கூடியதும் சுற்றுவட்டாரக் கிழங்கும் கொட்டையும் தீர்ந்தன. வேலை எல்லாருக்கும் கிடைக்கவில்லை. 1970-இல் 'புஷ்மன்லேண்ட்' என்ற பெயரில் அரசு எல்லை வரைந்தபோது, அவர்கள் தலைமுறைகளாகப் புழங்கிய நிலத்தில் பெரும்பகுதி எல்லைக்கு வெளியே போய்விட்டது. எழுபதுகளின் இறுதியில் தென்னாப்பிரிக்க ராணுவம் வந்து, ஸ்வாப்போ விடுதலைப் படைக்கு எதிரான போருக்கு ஜுஹோவான்சி ஆண்களைச் சேர்த்தது. காசநோயும் குடிச் சண்டையும் பெருகின.

மார்ஷல் இந்தக் காலத்தில் சும்மா இருக்கவில்லை. 1967-இல் வெளியான 'டிட்டிகட் ஃபாலீஸ்' படத்துக்கு ஒளிப்பதிவு செய்தார். டிமோத்தி ஆஷுடன் சேர்ந்து இனவரைவியல் படங்களைப் பரப்பும் நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். கையில் இருந்த ஐம்பதுகளின் ஃபுட்டேஜை எடுத்து, ஒரே நிகழ்வைத் தொடக்கம் முதல் முடிவுவரை காட்டும் குறும்படங்களாகத் தொகுத்தார். இறைச்சிப் பங்கு பற்றிய தகராறு, திருமணம் பற்றிய வாக்குவாதம், இரவு முழுக்க நீளும் குணமாக்கும் நடனம் என ஒவ்வொன்றும் ஒரு படம்.

அவற்றில் 1962-இல் வந்த 'எ ஜோக்கிங் ரிலேஷன்ஷிப்' எனக்கு மிகவும் பிடித்தது. பாவோபாப் மரத்தடியில் இளம்பெண் ஒருத்தியும் அவளுக்குத் தாத்தா முறையாகும் ஒருவரும் ஒருவரையொருவர் சீண்டிக்கொள்கிறார்கள். கேலி பேசலாம் என்ற முறையுள்ள உறவு அது. பதின்மூன்று நிமிடத்துக்கு வேறெதுவும் நடப்பதில்லை. வர்ணனைக் குரல் ஒதுங்கிக்கொள்ள, இருவருடைய பேச்சுதான் படம். 'தி ஹன்டர்ஸ்' ஒரு மக்களைப் பற்றிச் சொல்கிறது. இந்தப் படத்தில் இரண்டு ஆட்கள் இருக்கிறார்கள். அந்தப் பெண்ணின் பெயர் நை.

நை பேசுகிறாள்

1978-இல் திரும்பிவந்த மார்ஷல், நையைத் தேடிப் போனார். 1951-இல் எட்டு வயதுச் சிறுமியாக அவர் கேமராவில் பதிவானவள். இப்போது முப்பத்தைந்தைத் தாண்டியவள், குழந்தைகளின் தாய், சும்குவேயில் குடியிருப்பவள். 1980-இல் அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான 'நை: தி ஸ்டோரி ஆஃப் எ குங் உமன்' அவளுடைய வாழ்க்கைக் கதை.

இந்த நிகழ்வின் திருப்புமுனை இந்தப் படம்தான், காரணம் அதன் படத்தொகுப்பில் இருக்கிறது. மார்ஷல் புதிய ஃபுட்டேஜை மட்டும் வைத்துக்கொண்டு "எல்லாம் கெட்டுவிட்டது" என்று ஒப்பாரி வைத்திருக்கலாம். பழைய ஃபுட்டேஜை மட்டும் வைத்து ஏக்கப் படம் செய்திருக்கலாம். இரண்டையும் செய்யாமல், பழைய காட்சிகளைப் புதிய நையின் நினைவுக்குள் கொண்டுபோய் வைத்தார். சின்னப் பெண்ணாகக் கல்யாணம் செய்துவைக்கப்பட்டதையும், கணவனை ஏற்க மறுத்து முரண்டு பிடித்ததையும், நடனத்தில் மயக்க நிலைக்குப் போகும் அவனைப் பார்த்துப் பயந்ததையும் அவளே சொல்கிறாள். அவள் சொல்லச் சொல்ல, ஐம்பதுகளில் எடுத்த அதே காட்சிகள் திரையில் வருகின்றன. முன்பு "இவர்களின் மரபு" என்று பார்த்த குணமாக்கும் நடனம், இப்போது ஒரு பெண்ணின் திருமண வாழ்க்கையில் வரும் ஒரு கட்டமாகிறது. தேதியில்லாத காட்சிக்குத் தேதி கிடைத்துவிட்டது.

பிறகு படம் சும்குவேக்கு வருகிறது. மக்காச்சோள மாவுக்கு நிற்கும் வரிசை, மருத்துவமனையில் காசநோய், பணம் கொடுத்துப் படமெடுக்கும் சுற்றுலாப் பயணிகள், ஆள் சேர்க்க வந்த ராணுவ அதிகாரி. நடுவில் ஒரு சச்சரவு. படங்களில் தலைகாட்டுவதால் நைக்குப் பணம் வருகிறது, அதைப் பங்கிடவில்லை என்று அக்கம்பக்கத்தார் குறைசொல்கிறார்கள். வேட்டை இறைச்சிக்குப் பங்கு முறை உண்டு. படக்கூலிக்கு முறை இன்னும் உருவாகவில்லை. ஒரு கேமரா ஊருக்குள் வந்தால் என்ன ஆகும் என்பதை மறைக்காமல், அந்தச் சண்டையையும் மார்ஷல் படத்திலேயே வைத்தார். ஆவணப்பட வரலாற்றில் இவ்வளவு தைரியமான முடிவுகள் அதிகமில்லை என்பது என் எண்ணம்.

சும்குவே காட்சிகளில் இன்னொரு படப்பிடிப்பும் பதிவாகியிருக்கிறது. ஒரு கதைப்படக் குழு, ஜுஹோவான்சி நடிகர்களிடம் எங்கே நிற்கவேண்டும், என்ன செய்யவேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுக்கிறது. அந்தக் கதைப்படம் 'தி காட்ஸ் மஸ்ட் பி க்ரேஸி'. உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். பாட்டில் ஒன்று வானத்திலிருந்து விழும்வரை வெளியுலகமே அறியாத, சண்டை சச்சரவு தெரியாத மக்கள் என்று அது அறிமுகப்படுத்தும். அந்த நடிகர்கள் வாழ்ந்த வட்டாரத்தில்தான் ராணுவம் ஆள் சேர்த்துக்கொண்டிருந்தது.

இரண்டு படங்களும் 1980-ஐச் சேர்ந்தவை. ஒன்று உலகத் திரையரங்குகளில் பெருவெற்றி பெற்றது. மற்றொன்று மானுடவியல் துறைகளுக்குள் மரியாதையோடு தங்கிவிட்டது.

படம் நிலத்தைத் தொட்டபோது

எண்பதுகளின் தொடக்கத்தில் டோமாவும் அவருடைய குடும்பமும் சும்குவேயை விட்டுக் கௌச்சாவுக்குத் திரும்பினார்கள். நம் நிலத்தில் நாமே ஆழ்துளைக் கிணறு போட்டு, மாடு வளர்த்து, தோட்டம் வைத்து வாழ்வோம் என்ற முடிவு. மார்ஷல் படமெடுப்பதைக் குறைத்துக்கொண்டு இதற்கென ஓர் அறக்கட்டளையைத் தொடங்கி நிதி திரட்டினார். 1986-இல் ஜுஹோவான்சியே நியே நியே உழவர் கூட்டுறவை அமைத்தார்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்துக்குள் முப்பதுக்கும் மேற்பட்ட சிற்றூர்கள் உருவாகிவிட்டன. யானைகள் நீரேற்றிகளை உடைத்தன. சிங்கங்கள் மாடுகளைத் தூக்கின. கால்நடையைக் கொல்லும் நச்சுச்செடி வேறு. இருந்தும் விடவில்லை.

இதற்கிடையே, எண்பதுகளில், வந்தது அரசின் வனவிலங்குக் காப்பகத் திட்டம். நியே நியே அடங்கிய கிழக்கு புஷ்மன்லேண்டைக் காப்பகமாக்குவது; ஜுஹோவான்சி அங்கே வேட்டையாடியும் கிழங்கு தோண்டியும் 'மரபுப்படி' வாழலாம்; மாடும் பயிரும் கூடாது. வில்லும் அம்பும் வைத்திருக்கும் வரை அவர்களுக்கு அங்கே இடம், கிணறு தோண்டினால் இடமில்லை. திட்டம் போட்டவர்கள் 'தி ஹன்டர்ஸ்' பார்த்துவிட்டுத்தான் போட்டார்கள் என்று சொல்லவரவில்லை. ஆனால் "இவர்கள் இயல்பிலேயே வேட்டைக்காரர்கள்" என்ற நம்பிக்கையை ஊரறிந்த உண்மையாக்கியதில் அந்தப் படத்துக்கும், அதன் வழிவந்த எத்தனையோ படங்களுக்கும் பங்கு உண்டு. மார்ஷல் அதை ஒப்புக்கொண்டார். காப்பகத் திட்டத்தை எதிர்த்து ஜுஹோவான்சியோடு நின்று போராடினார். திட்டம் அந்த வடிவில் நிறைவேறவில்லை.

1990 மார்ச் 21 அன்று நமீபியா விடுதலை பெற்றது. 1991-இல் விண்ட்ஹுக்கில் நடந்த தேசிய நில மாநாட்டில் நியே நியே பிரதிநிதிகளும் பேசினார்கள். இங்கிருந்து கதை நேராகப் போயிருக்கலாம். போகவில்லை. 1996-இல் வந்த சட்டத்திருத்தத்தின் கீழ், ஊர்மக்களே காட்டுயிர்களை நிர்வகித்து வருமானம் பெறும் 'கன்சர்வன்சி' முறை தொடங்கியது. 1998-இல் ஏறக்குறைய 9,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் நியே நியே கன்சர்வன்சி பதிவானது. நாட்டில் முதலில் பதிவானவற்றுள் அது ஒன்று. வெளிநாட்டு உதவிப் பணம் கிணற்றையும் மாட்டையும் விட்டுக் காட்டுயிர் பக்கம் திரும்பியது.

இதுதான் மார்ஷலின் கடைசிப் பெரிய படைப்பான 'எ கலஹாரி ஃபேமிலி'யின் சர்ச்சை. ஐந்து பகுதி, ஏறத்தாழ ஆறு மணி நேரம், 2002-இல் வெளியீடு. 'டெத் பை மித்' என்ற கடைசிப் பகுதியில், உழவர்களாக மாற உழைக்கும் மக்களை உலகம் இன்னும் வேட்டைக்காரர்களாகவே பார்க்க விரும்புகிறது, அந்தக் கட்டுக்கதையே நிதியின் திசையைத் தீர்மானிக்கிறது, அது ஆட்களைக் கொல்கிறது என்று அவர் வாதிடுகிறார். கூட்டங்கள், அதிகாரிகள், நிபுணர்கள், உடைந்த நீரேற்றிகள், மாவுக்குக் காத்திருக்கும் குடும்பங்கள் என்று காட்சிகள் வருகின்றன. அழகான ஷாட் என்று சொல்ல அதிகமில்லை. 'தி ஹன்டர்ஸ்' ரசிகர்களுக்கு இந்தப் படம் ஏமாற்றம் தரும். எனக்கு அவருடைய மிக முக்கியமான படம் இதுதான்.

அதற்காக அவர் சொன்னதெல்லாம் சரி என்று ஏற்கத் தேவையில்லை. தானே ஒரு கட்சிக்காரராக நின்ற தகராறில் தானே படமெடுத்தார். எதிர்த்தரப்பின் நியாயத்துக்குப் படத்தில் கிடைக்கும் இடம் குறைவு. கன்சர்வன்சி முறை ஜுஹோவான்சிக்குக் காட்டுயிர் மீது சட்டப்படியான உரிமையையும், வேட்டைச் சுற்றுலா வழியாக ரொக்க வருமானத்தையும் தந்தது. அந்த மண்ணில் மாடு வளர்ப்பதன் சிரமத்தையும் தள்ளிவிட முடியாது. கன்சர்வன்சிக்குள் முனைப்போடு உழைத்த ஜுஹோவான்சியும் உண்டு. ஆனாலும் படத்தின் மையக் குற்றச்சாட்டுக்கு இவை பதிலாகா. எதைத் தேர்ந்தெடுப்பது என்ற விவாதத்தில் ஒரு தரப்பு, ஐம்பது ஆண்டுப் பழைய காட்சி ஒன்றைத் தலையில் வைத்துக்கொண்டு பேசியதா இல்லையா என்பதே அந்தக் குற்றச்சாட்டு.

வேறு வழி இருந்ததா

இருந்தது, அதே ஆண்டுகளிலேயே. பிரெஞ்சுப் படக்காரர் ழான் ரூஷ் 1951-இல் மேற்கு ஆப்பிரிக்காவின் நைஜர் ஆற்றில் சோர்கோ மக்களின் நீர்யானை வேட்டையைப் படமெடுத்தார். சில ஆண்டு கழித்து ஆயொரு என்ற ஊரில் அவர்களுக்கே அதைத் திரையிட்டுக் காட்டினார். வேட்டைக் காட்சிக்கு உணர்ச்சி கூட்ட, அவர்களுடைய வேட்டைப் பாட்டையே பின்னணியில் சேர்த்திருந்தார். பார்த்தவர்கள் ஆட்சேபித்தார்கள்: வேட்டையின்போது சத்தமே கூடாது, இந்தப் பாட்டைக் கேட்டால் நீர்யானை ஓடிவிடும். ரூஷ் இசையை நீக்கினார். அதன்பின் எடுத்த படத்தை எடுக்கப்பட்டவர்களிடமே கொண்டுபோய்க் காட்டுவது அவருடைய முறையாயிற்று, அடுத்த படங்களே அந்தத் திரையிடல்களிலிருந்து பிறந்தன. மார்ஷலுக்கு அந்த வாய்ப்பு இல்லை. 'தி ஹன்டர்ஸ்' முடிந்து அடுத்த ஆண்டே கதவு அடைக்கப்பட்டுவிட்டது. டோமாவுக்கும் நைக்கும் உடனே காட்டியிருந்தால், அம்புக்காரர் யார், கிழங்கு எங்கே, அந்தப் பண்ணை வண்டிகள் எங்கே என்று அவர்களே கேட்டிருப்பார்கள் என்று நினைக்க ஆசையாக இருக்கிறது.

இன்னொரு முயற்சி 1966-இல் அமெரிக்காவில், அரிசோனாவின் பைன் ஸ்பிரிங்ஸில் நடந்தது. சால் வொர்த், ஜான் அடேர் என்ற இருவர் அங்குள்ள நவஹோ பழங்குடி மக்களிடமே 16 மி.மீ. கேமராக்களைக் கொடுத்துவிட்டார்கள். நெசவைப் பற்றி ஒரு நவஹோ பெண் எடுத்த படத்தில் தறி வருவதற்கே வெகுநேரம் ஆகிறது. அதற்கு முன் ஆடு மேய்கிறது, கம்பளி அலச வேர் தோண்டுகிறார்கள், சாயத்துக்குச் செடி பறிக்கிறார்கள், நூற்கிறார்கள். இடையிடையே நடக்கிறார்கள், நடந்துகொண்டே இருக்கிறார்கள். வெளியிலிருந்து வரும் படக்காரர் நெசவு என்றால் நேரே தறிக்குப் போய் விரல்களுக்கு க்ளோசப் வைப்பார். நெய்கிறவளுக்கு வேலை எங்கே தொடங்குகிறது என்பது வேறு கணக்கு. ஒரு மரபைப் படமெடுக்கும்போது 'தொடக்கம்' எது என்று யார் சொல்கிறார்கள் என்பதைப் பார்த்தாலே, அந்தப் படம் யாருடைய காலத்தில் ஓடுகிறது என்று தெரிந்துவிடும்.

இன்றைய நிலை

'தி ஹன்டர்ஸ்' 2003-இல் அமெரிக்க தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது. மார்ஷல் 2005-இல் இறந்தார். அரை நூற்றாண்டுக்கு எடுத்த படச்சுருளும் வீடியோவும் ஸ்மித்சோனியன் ஆவணக்காப்பகத்தில் இருக்கின்றன. 2009-இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் அந்தத் தொகுப்பு இடம்பெற்றது. ஒரே மக்களின் வாழ்வை இவ்வளவு நீண்ட காலத்துக்குப் பதிவுசெய்த தொகுப்பு வேறொன்று காண்பது அரிது. அதன் மதிப்பு வேட்டைக் காட்சியில் மட்டும் இல்லை. டோமா இளைஞராகவும் முதியவராகவும், நை சிறுமியாகவும் பாட்டியாகவும் அதில் இருக்கிறார்கள்.

ஆனாலும் பாடத்திட்டங்களிலும் திரைப்பட விழாக்களிலும் முன்னால் நிற்பது 1957-ஆம் ஆண்டுப் படமே. ஆறு மணி நேரப் படத்தைத் திரையிட யாருக்கும் நேரம் கிடைப்பதில்லை என்பது புரிகிறது. அதற்கு ஒரு நடைமுறை வழி உண்டு. 'தி ஹன்டர்ஸ்' திரையிடும் அதே நாளில், நடுவில் சின்ன இடைவேளை விட்டு, 'நை' படத்தையும் திரையிடவேண்டும். இரண்டும் சேர்ந்தாலும் இரண்டேகால் மணி நேரத்தைத் தாண்டாது. இரண்டுக்கும் முன்னால் எடுத்த ஆண்டை அட்டையில் போட்டுக் காட்டவேண்டும். கலந்துரையாடலை இரண்டாவது படத்துக்குப் பிறகே வைக்கவேண்டும். வேட்டைப் படம் முடிந்ததுமே விவாதத்தைத் தொடங்கினால் பேச்சு முழுக்க அம்பையும் நஞ்சையும் சுற்றியே போய்விடும், சும்குவே வருவதற்குள் அரங்கம் காலியாகிவிடும்.